மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு என்னும் ஒற்றை வரி

குடும்பக் காதல் குறுநாவல்களை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட என் அம்மாவை வாசகியாக்கியவை, தருமபுரிப் பேருந்து நிலையத்துக் கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள்தாம். தம்பி கைக்குழந்தையாக இருந்த 1992-இல், விட்டத்தில் கட்டிய தூளியின் கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, மடியில் நாவலும் முறத்தில் முருங்கைக்கீரையுமாக அவர் உட்கார்ந்திருந்த கோலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பக்கங்களின் ஓரத்தில் கீரையின் பச்சை விரல்ரேகையாகப் பதிந்திருக்கும். வாடகை நூலகத்துப் புத்தகம் என்றால் 17-ஆம் பக்க எண்ணைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டுவைப்பார். படித்ததையே மறுபடி வாடகைக்கு எடுத்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. தெருவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்படியொரு தனி அடையாளம் இருந்தது.

அம்மா எதற்காக அவற்றைப் படித்தார் என்பது எனக்குத் திருமணமான பிறகே விளங்கியது. பெரும்பாலான கதைகளில் நாயகன் ஒரு கட்டத்தில், "தப்பு என்மேல்தான்" என்று மனைவியிடம் சொல்லிவிடுவான். எங்கள் வீட்டில் எந்த ஆணும் சொல்லிக் கேட்டிராத அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அம்மா மாதாமாதம் வாடகை கொடுத்தார் என்று நினைக்கிறேன். அது வீண்செலவு அல்ல.

ஆனாலும் இக்கதைகள்மேல் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் நூறு பக்கம் நீளும் பிணக்கு, நாயகி மயங்கி விழுந்ததும், நாடி பிடித்துப் பார்த்த மருத்துவர் "நல்ல செய்திதான்" என்றதும் தீர்ந்துவிடும். கண்கள் கலங்கும், கைகள் கோத்துக்கொள்ளும், அடுத்த பத்தி "மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு" என்று தொடங்கும். அப்போது ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பூந்தோட்டத்து நடுவில் ஒரு குழந்தை தத்தித் தத்தி ஓடிவந்து தந்தையின் காலைக் கட்டிக்கொள்ளும். தாய்மையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் கதை, தாய்மை தொடங்குகிற இடத்தில் பேனாவை மூடிவைத்துவிடுகிறது. தூளியாட்டிக்கொண்டே படித்த பெண்களுக்கு, தூளி கட்டியிருந்த காலத்தை மட்டும் யாரும் எழுதித் தரவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் என்னதான் இருக்கிறது? என் மகள் 2018-இல் பிறந்தபோது ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு பிள்ளைப்பேறுகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு என்றும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் 2017-இலேயே சட்டம் திருத்தப்பட்டிருந்தது. இருந்தும் மூன்று மாதத்தில் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். காப்பகம் என்று பலகை மாட்டிய அறையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. (அரசுப் பள்ளி ஆசிரியையான என் நாத்தனாருக்கு, 2021-இல் மாநில அரசு தன் ஊழியர்களின் பேறுகால விடுப்பை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்திய பின் பிள்ளை பிறந்தது. அவர் அதிர்ஷ்டசாலி.) மாலையில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பும்போது சூளகிரியைத் தாண்டுவதற்குள் பால் கட்டி நெஞ்சு கனத்து ரவிக்கை நனைந்துவிடும். துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போர்த்தியபடி, சுங்கச்சாவடி வரிசையில் பேருந்து ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போனால் மாமியார் ஒரு சொல்லும் பேசாமல் வெந்நீர் வைத்திருப்பார். கணவர் வாசல் குழாயடியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுப் பெரியவர் சிரிப்பதைக் கண்டும் காணாததுபோல இன்னும் அழுத்திக் கசக்குவார். அவர்மேல் எனக்குக் காதல் வந்ததே அந்தக் குழாயடியில்தான், திருமணமாகி நான்கு ஆண்டு கழித்து. எந்த நாவலிலும் அந்தக் காட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் படித்த நாவல்களின் கடைசிப் பக்கத்தில் ஓடிவரும் குழந்தை பெரும்பாலும் ஆணாகவே இருந்தது. வேறு ஊரில் இதைக் கவனிக்காமல் விடலாம், எங்கள் பக்கத்தில் முடியாது. தம்பி தூளியில் கிடந்த அதே 1992-இல்தான், பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. பெற்றவள் வளர்க்க முடியாமல் ஒப்படைக்கும் குழந்தைக்காக அரசு தொட்டில் வைத்த மண்ணில், அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரு பெண்குழந்தை ஓடிவந்திருக்கலாம். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த பின்னும் மனைவியின் கையை விடாத ஒருவனை நாயகனாக்கியிருக்கலாம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் கணவன் மனைவியர் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு, இரவில் வீடியோ அழைப்பில் முகம் பார்ப்பதில் இல்லாத பிரிவுத் துயரா எஸ்டேட் பங்களாவில் இருந்துவிடப் போகிறது?

அம்மா இப்போது போனில், பிரதிலிபி என்னும் கதைச் செயலியில் படிக்கிறார். அதில் எழுதும் பெண்கள் சிலர், பேறுகாலத்துக்குப் பின் வரும் காரணமற்ற அழுகையையும் உறக்கமில்லா இரவுகளையும் தொடுவதைப் பார்க்கும்போது ஆறுதலாக இருக்கிறது. அந்த மூன்று வருஷத்தை எழுதினால் நன்றாக இருக்கும் அல்லவா என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "அதைத்தான் நாங்க பட்டுட்டோமே, திரும்பக் காசு கொடுத்து வேற படிக்கணுமாக்கும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து, "யாராவது எழுதியிருந்தா சொல்லு, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கித் தரும்படி போனை என்னிடம் நீட்டினார்.