பட்டாயாவை முதல் நாளில போட்டது ஆர்?

மூண்டு நாளாப் பொறுத்துப் பாத்தன். அந்தக் காணொளியை நீங்களும் பாத்திருப்பியள், முழுக்கத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. தாய்லாந்துக்குச் சுற்றுலா போன எங்கட பக்கத்துச் சனம், பட்டாயாக் கடற்கரையில இருந்து நேர வந்து பாங்கொக் அரண்மனை வாசலில நிக்குது. மரகதப் புத்தர் கோயில் அந்த அரண்மனைக்குள்ளதான் இருக்கு. அரைக்களிசானோட நிண்ட பொடியளைக் காவல்காரன் கையைக் காட்டி மறிக்கிறான். பின்னால நடைபாதைக் கட்டில ரெண்டு அம்மாமார் ஈரத் துவாய்ப் பையை மடியில வச்சுக்கொண்டு குந்தியிருக்கினம். கீழ வரிசையாச் சிரிப்புக் குறி. "கிளிநொச்சியில இருந்து நேர வந்தவை போல." "வன்னிக்கு வெளியால விட்டால் உப்பிடித்தான்." அதுக்குள்ள ஒரு அறிவாளி, "கோயிலுக்குப் போறதெண்டால் கோயிலுக்குப் போகோணும், கடலுக்குப் போறதெண்டால் கடலுக்குப் போகோணும், ரெண்டையும் ஏன் குழைக்கிறியள்?" எண்டு கேட்டிருக்கிறார்.

ரெண்டையும் சேர்க்கலாம் ஐயா. வடிவாச் சேர்க்கலாம். முதல் கோயில், பிறகு கடல். விசயம் இவ்வளவுதான். அண்டைக்கு வாசலில நடந்தது சனத்தின்ர பிழை இல்லை, பயண நிரல் போட்டவரின்ர பிழை. அது எப்பிடியெண்டு சொல்லுறன், பிறகு சிரியுங்கோ.

பின்னேரம் கிளிநொச்சியில வான் ஏறினால் கட்டுநாயக்கவுக்கு ஆறு, ஏழு மணித்தியாலம். நடுச்சாமத்துக்குப் பிறகு விமானம். பறப்பு மூண்டரை மணித்தியாலம்தான், ஆனால் அங்கத்தை மணி எங்களை விட ஒண்டரை மணித்தியாலம் முன்னால. அதால போய் இறங்கேக்க விடிஞ்சுபோகும். ஹொட்டலில அறை தாறது பகல் ரெண்டு மணிக்கு. விடியப்புறம் ஆறுக்கும் பகல் ரெண்டுக்கும் இடையில எட்டு மணித்தியாலம், நித்திரையில்லாத சனம், குழந்தையள், சூட்கேஸ். இந்தக் குழியை மூடத்தான் முகவர்மார் பட்டாயாவை முதல் நாளில போடுறது. சுவர்ணபூமி விமான நிலையத்தில இருந்து பஸ்ஸில ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம். பஸ்ஸுக்க நித்திரை கொள்ளும் சனம், வழியில ஒரு சாப்பாடு, போய்ச் சேர மத்தியானம், அறை தயார். முகவருக்கு ஒரு இரவு வாடகை மிச்சம். நிரலில பாக்க எவ்வளவு வடிவாக் கிடக்கும்: "முதலாம் நாள், பட்டாயாக் கடற்கரையில் உல்லாசம்."

மூண்டாம் நாள்தான் இது வெடிக்கிறது. காலமை வேகப்படகில பவளத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். பதினொண்டரைக்கு உப்போடயும் மண்ணோடயும் கரையேறி, பன்னிரண்டுக்கு முதல் அறையைக் காலி செய்யோணும். இருவது பேர் குளிச்சு முடிய நேரம் கிடையாது. சூட்கேஸ் எல்லாம் பஸ்ஸின்ர அடிப்பெட்டிக்க. பாங்கொக் ரெண்டரை மணித்தியாலம். நடுவில இரத்தினக்கல் கடை ஒண்டில முக்கால் மணித்தியாலம் கட்டாயம் இறக்குவினம், தரகு இருக்கெல்லோ! அரண்மனையில ரிக்கற் குடுக்கிறது பின்னேரம் மூண்டரையோட முடியும். ஆளுக்கு 500 பாத் ரிக்கற் அது. மூண்டேகால் போல வாசலில இறக்கிவிட்டிட்டு பஸ் வேற இடத்தில போய் நிக்கும். உங்கட நீளக் களிசான் எங்க? பஸ்ஸுக்க.

இதில பொடியள் என்ன பிழை விட்டவங்கள்?

அந்த அம்மாமாரையும் காவல்காரன் மறிச்சதெண்டு நினைச்சுச் சிரிச்சியளே, அவையை ஒருத்தரும் மறிக்கேல்லை. கடலில குளிச்ச உடம்புக்கு நல்ல தண்ணி வாக்காமல் சாமி இருக்கிற இடத்துக்குள்ள போகமாட்டம் எண்டு அவையாத்தான் வெளியில இருந்தவை. புத்தர் கோயிலெண்டாலும் கோயில் கோயில்தானே. இது விளங்கிறதுக்குக் கொஞ்சம் வளர்ப்பு வேணும்.

முதல் கோயில், பிறகு கடல். இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச முறை இல்லை. வல்லிபுர ஆழ்வாருக்குத் தேர் ஓடி முடிஞ்சுதானே கடல் தீர்த்தம்? உடனே ஒருத்தர் வருவார், "முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலுக்கு முதலே கடல் தண்ணி எடுத்துத்தானே விளக்கெரிக்கிறவை" எண்டு. ஓம், எடுக்கிறவை. தீர்த்தம் எடுக்கப் போறவை நீச்சலடிச்சிட்டு அரைக்களிசானோட கோயிலுக்குத் திரும்பி வாறேல்லை. ஆனால் அந்த விளக்கு எரியிற வன்னியில இருந்துகொண்டு, கோயிலும் கடலும் ஒட்டாது எண்டு சொல்ல வெட்கமா இல்லையோ?

உடம்புக் கணக்கும் அதுதான். கோயில் பாக்கிற நாளெண்டால் வெள்ளெனவே எழும்போணும், வெயிலில நடக்கோணும், படி ஏறோணும். அந்தத் தென்பு முதல் மூண்டு நாளுக்குத்தான் இருக்கும். கடலில ஒரு நாள் நிண்டவருக்குத் தோள் எரியும். அடுத்த நாள் அந்தத் தோளை மூடி சேட் போட்டுக்கொண்டு கல் முற்றத்தில நிண்டு பாருங்கோ. அரண்மனை காலமை எட்டரைக்குத் திறக்குது. எட்டேகாலுக்கு வரிசையில நிண்டால் பத்தரைக்கு முதல் மரகதப் புத்தரையும் கும்பிட்டு வெளியால வந்திடலாம். அதுக்குப் பிறகு உள்ளுக்க நிழல் தேடுறது கஷ்டம். தோளும் முழங்காலும் மூடியிருக்கோணும். கைவைக்காத சட்டை, கிழிஞ்ச ஜீன்ஸ், உடம்போட ஒட்டின லெகிங்ஸ், ஊடு தெரியிற துணி ஒண்டும் சரிவராது. சால்வையைப் போர்த்தினால் விடுவினம் எண்டு நம்பிப் போகாதேங்கோ. எதிர்ப்பக்கம் யானைப்படம் போட்ட தொளதொளக் களிசான் விக்கினம்தான், ஆனால் கைப்பைக்குள்ள ஒரு நீளக் களிசானும் ஒரு கைவச்ச சேட்டும் அரைக் கிலோகூட வராது. பக்கத்து வீதியில ஆரும் வந்து "இண்டைக்கு அரண்மனை பூட்டு, வா வேற கோயில் காட்டுறன்" எண்டு முச்சக்கர வண்டிக்குக் கூப்பிட்டால் அசையாதேங்கோ. அது கடைசியில கல்லுக்கடையிலதான் போய் நிக்கும்.

அரண்மனைக்கு அடுத்த நாளை அயுத்தயாவுக்குக் குடுங்கோ. வடக்கால எண்பது கிலோமீற்றர். 1767இல பர்மாப் படை எரிச்ச தலைநகரம்; தலையில்லாத சிலையளை வரிசையாப் பாக்கேக்க எங்கட சனம் ஒண்டும் பேசாமல் நிக்கும், அங்க நிண்டு விளக்கம் குடுக்கிற வழிகாட்டிக்குத்தான் அது விளங்காது. வற் மகாதாட்டில வேருக்குள்ள சிக்கின புத்தர் தலைக்குப் பக்கத்தில படம் எடுக்கிறதெண்டால் குந்தித்தான் எடுக்கோணும், உங்கட தலை அதை விட உயர நிக்கக் கூடாது.

"தமிழருக்கு அங்க என்ன இருக்கு" எண்டும் ஒருத்தர் கேட்டவர். பாங்கொக் நகரசபைக்கு முன்னால சிவப்பு நிறத்தில ஒரு பெரிய ஊஞ்சல் நிக்குது. அரண்மனைப் பிராமணர் மார்கழி, தை மாதத்தில செய்யிற சடங்குக்குரியது. ஆடுறதை 1935இல நிப்பாட்டியாச்சு, சடங்கு நிக்கேல்லை. அந்தச் சடங்கின்ர பேரே திரியம்பாவாய். எங்கட திருவெம்பாவைதான், உச்சரிப்புத் திரிபட்டுப் போச்சு. தாய்லாந்தின்ர மேற்குக் கரையில, அந்தமான் கடல் பக்கம், தக்குவாபாவில 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்டு கிடைச்சது. அதில என்ன எழுதியிருக்கு? அவனிநாரணம் எண்டு ஒரு குளம் வெட்டினது, அது மணிக்கிராமத்தார் எண்ட வணிகக் குழுவின்ர பாதுகாப்பில எண்டு. குளம்! கடல் தாண்டிப் போயும் தமிழன் குளம்தான் வெட்டியிருக்கிறான். இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் செய்யிற மனுசருக்கு இதை விட வேற என்ன காட்டோணும்? அந்தப் பக்கத்தில கிடைச்ச பழைய விஷ்ணு சிலை புக்கெட்டில தலாங் அருங்காட்சியகத்தில நிக்குது, கடற்கரையில இருந்து காரில போற தூரம். தேசிய அருங்காட்சியகங்கள் பலதும் திங்கள், செவ்வாய் பூட்டு, நாளைப் பாத்துப் போங்கோ. இதெல்லாம் எந்த முகவரின்ர நிரலிலயும் இல்லை. புலிக்குட்டியோட படம் எடுக்கிறது இருக்கு.

கடலுக்கு வருவம். எந்த மாதம் எந்தக் கடல் எண்டு கேட்காமல் காசு கட்டாதேங்கோ. எங்கட ஆக்களுக்கு இது சொல்லித் தரத் தேவையில்லாத விசயம். சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, பெயர்ந்தால் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும், முல்லைத்தீவு அடங்கும். வடகிழக்கு வாடைக்கு முல்லைத்தீவு எழும்பும். தாய்லாந்தும் அச்சொட்டா அப்பிடித்தான். மேற்குக் கரை, அதாவது புக்கெட், கிராபி, வைகாசியில இருந்து ஐப்பசி மட்டும் அடிக்கும். கரையில சிவப்புக் கொடி நிண்டால் கால்கூட வைக்கப்படாது. அதே ஆவணியில வளைகுடாப் பக்கம் சமுயித்தீவு நல்லாயிருக்கும். அங்க மழை பிடிக்கிறது ஐப்பசி, கார்த்திகையில. பள்ளிக்கூட லீவெண்டு ஆவணியில புக்கெட்டுக்கு ஏத்துற முகவரிட்டை, சோளகத்துக்கு மன்னாரில படகு இறக்குவீரோ எண்டு கேளுங்கோ. காலபோகம் வெட்டி நெல்லு வித்த கையோட மாசி, பங்குனியில போனால் ரெண்டு பக்கமும் நல்லம். சித்திரையில வெயில் மண்டையைப் பிளக்கும், வருசப்பிறப்புக்கு அங்கயும் தெருவெல்லாம் தண்ணி அடிப்பினம்.

கடலைக் கடைசியில போடச் சொன்னதுக்காக விமானம் ஏறுற நாளிலயும் குளிக்காதேங்கோ. கடைசிக் குளிப்பு விமானம் ஏறுறதுக்கு முதல் நாள் காலமை. ஈரத் துவாய் நாலு சேர்ந்தால் பெட்டியில கிலோக்கணக்கில ஏறும், இருவது கிலோவுக்கு மேல போனால் விமான நிலையத்தில காசு பிடுங்குவினம். கடைசி இரவு தீவிலயும் தங்கப்படாது, காத்தடிச்சால் படகு ஓடாது. திரும்பி வந்து விமான நிலையத்துக்குக் கிட்டப் படுங்கோ.

சைவக்காரருக்கு: மஞ்சள் கொடியில சிவப்பெழுத்தில "ஜே" எண்டு போட்ட கடை தேடுங்கோ, அங்க முட்டையும் இல்லை மீனும் இல்லை. மற்ற இடத்தில மரக்கறிக்கும் மீன்சாறு ஊத்துவினம். 2025 மே மாதத்தில இருந்து வருகை அட்டை இணையத்தில நிரப்போணும், போய் இறங்க முன்னம் மூண்டு நாளுக்குள்ள. அது இலவசம். உங்களிட்டை அதுக்குக் காசு வாங்கினவர் ஆரெண்டு நான் சொல்லேல்லை.

"முதல் கோயில் எண்டால் செலவு கூடுமே?" கூடாது. பாங்கொக் ரெண்டிரவு, பட்டாயா ரெண்டிரவு எண்டதை மாத்திப் போட்டால் அதே நாலிரவுதான். அந்த விடியற்கால எட்டு மணித்தியாலத்துக்குத்தான் வழி வேணும். வசதியிருந்தால் போய் இறங்கிறதுக்கு முதல் நாள் இரவுக்கும் சேர்த்து அறை போடுங்கோ. இல்லாட்டில் பெட்டியளை ஹொட்டல் வரவேற்பில குடுத்திட்டு, முகம் கழுவி, படகில ஆத்தால ஒரு சுத்துச் சுத்தி, சிலோம் வீதி மாரியம்மனைக் கும்பிட்டு வந்தால் மணி ரெண்டாகும்.

"வீடில்லாத சனம் இருக்கேக்க உங்களுக்குத் தாய்லாந்து கேக்குதோ?" எண்டவருக்கு மறுமொழி இல்லை. அவர் கனடாவில இருந்து எழுதினவர்.

"வயசான சனத்துக்கு என்னத்துக்குக் கடல்? முல்லைத்தீவில கடல் இல்லையோ?" எண்டதுதான் ரெண்டு நாளா நெஞ்சுக்க நிக்குது. இருக்கு. அந்தக் கட்டில குந்தியிருந்த அம்மாமாரில ஒராள் முல்லைத்தீவுக்காரி. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு தன்ர ஊர்க் கடலில அவ கால் நனைச்சதில்லை. 2009இல அந்தக் கரையால நடந்தவ, நனைச்சதெண்டு அதைச் சொல்லேலாது. பட்டாயாவில பேரப்பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இடுப்பளவு தண்ணியில அரை மணித்தியாலம் நிண்டவவாம். அந்தப் படம் ஒருத்தரும் போடேல்லை. வாசலில குந்தியிருந்த படம்தான் உங்களுக்குக் கிடைச்சுது.

அடுத்த குழுவுக்கான விளம்பரம் நேற்று வந்திருக்கு. அதே முகவர்தான். ஆவணியில புக்கெட். முதலாம் நாள் கடற்கரை, மூண்டாம் நாள் பின்னேரம் அரண்மனை. உடுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்தியச் சாப்பாடு உண்டு எண்டு மட்டும் கொட்டை எழுத்தில கிடக்கு.