திருத்துறைப்பூண்டி ஜங்ஷனும் நம் பாட்டன் கட்டிய வரியும்

எங்கள் தாத்தா திருத்துறைப்பூண்டி வழியாகப் போகும் இந்த ரயில் பாதையை "நம்ம வரியில போட்டது" என்றுதான் சொல்வார். சின்ன வயதில் அது பெருமைப் பேச்சு என்று நினைத்தேன். உண்மையே அதுதான். 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் விட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலத்தின் மேல் தனி வரி போட்டு வசூலித்த பணம் அது. வண்டியை ஓட்டிக் கொடுத்ததுதான் தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

அப்புறம் வேதாரண்யம் பக்கம் கிளை பிரிந்தது, திருத்துறைப்பூண்டி ஜங்ஷன் ஆனது. 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய, வேதாரண்யத்தை ஒட்டிய அதே அகஸ்தியம்பள்ளியின் உப்பு இந்த வழியாகத்தான் ரயிலேறியது.

2012இல் மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய பாதையில் வண்டி நின்றது. திருவாரூர் – பட்டுக்கோட்டை அகலப்பாதையில் வண்டி ஓட 2019 ஆகிவிட்டது. அப்போதும் ரோட்டைக் கடக்கும் இடத்து ரயில்வே கேட்டுகளுக்கு ஆள் இல்லை. கேட் கீப்பர்கள் வண்டியிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கி ஓடிப்போய் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி மறுபடியும் நிற்கும். பின்பக்கம் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு, ஜல்லியில் கால் புதைய ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டிலும் இதே கதை. திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போய்ச்சேர ஆறு மணி நேரத்துக்கு மேல். வெயிலில் அப்படி ஓடிய அந்த மனிதர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

2023 ஏப்ரல் 8 அன்று திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதையும் திறந்தாயிற்று. தாம்பரம் – செங்கோட்டை வண்டியும் அன்றுதான் கிளம்பியது. எர்ணாகுளம் – வேளாங்கண்ணி வண்டியும் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவை எல்லாம் தினசரி வண்டிகள் இல்லை.

நான் கேட்பது புது வண்டி கூட இல்லை, இணைப்பு. வேதாரண்யத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும், தோப்புத்துறைப் பையன் பட்டுக்கோட்டையில் படிக்க வேண்டும் என்று வையுங்கள். அகஸ்தியம்பள்ளி வண்டி நம் ஜங்ஷனில் வந்து நின்ற கால் மணி நேரத்துக்குள் திருவாரூர், பட்டுக்கோட்டை இரண்டு பக்கமும் வண்டி கிளம்ப வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தினமும். அது இல்லாவிட்டால் மூன்று பக்கம் தண்டவாளம் இருந்து என்ன பிரயோஜனம்? இதற்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். கால அட்டவணையை உட்கார்ந்து யோசித்துப் போட்டால் போதும்.

வரும் ஞாயிறு காலை ஸ்டேஷன் வாசலில் மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறோம். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் அவசியம் வாருங்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்குத் தோது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.