கும்பிடாத பிள்ளைக்கும் ஒரு வாங்கு

எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி நேற்று போன் எடுத்தாள். "அக்கா, மகளுக்கு டவுன் கொன்வென்ட்ல இடம் கெடச்சிருக்கு. சேத்தா வேதத்துல இழுத்துருவாங்களா?" வேதம் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவம்.

அவளுக்கு இரண்டு வரியில் பதில் சொன்னேன். மீதி இங்கே.

நானும் இலங்கை மலையகத்தில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் ஏழு வருஷம் படித்தவள். வீட்டில் சைவம் என்று பெயர். அம்மா செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவார், வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்கு. தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் முருகனுக்குப் பக்கத்திலேயே வேளாங்கண்ணி மாதா. எனக்குத்தான் பதின்மூன்று வயதிலேயே இரண்டு பக்கமும் பிடிப்பு விட்டுப்போச்சு. திருவிழா மேளம் பிடிக்கும்; சாமி பிடிபடவில்லை.

மாதத் தலைவெள்ளியில் பள்ளிக்கூடமே திருப்பலிக்குப் போகும். நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம் வந்ததும் வாங்கு (பெஞ்சு) முழுக்க எழும்பும்; அது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். நான் முழங்காலை ஒரு பக்கம் திருப்பி வழிவிடுவேன். ஈரச் சப்பாத்துகள் ஒவ்வொன்றாக என் பாதத்தை உரசிக்கொண்டு போகும். அப்புறம் அந்த நீள வாங்கில் நான் மட்டும். பக்கத்துப் பிள்ளை ஒவ்வொரு முறையும் தன் குடையை என் மடியில் வைத்துவிட்டுப் போவாள். "நீ எப்படியும் இங்கதானே இருப்ப." எனக்கு அது ஒரு பதவி மாதிரி இருந்தது.

முதல் வருஷம் எல்லோரையும் பார்த்து நானும் சிலுவை போட்டேன். சிஸ்டர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "நம்பாட்டி போடாத மகள். மரியாதையா நின்னா போதும்" என்றார். விசுவாசத்துக்கு ஒருவரையும் வற்புறுத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிக்கை விட்டிருப்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். எழும்பி நிற்பது மரியாதை, சிலுவை போடுவது வாக்குமூலம். அந்த எல்லைக்கோட்டை எனக்குக் காட்டியது ஒரு கன்னியாஸ்திரி.

குறை இல்லாமல் இல்லை. ஹெட் பிரிஃபெக்ட், அதாவது மாணவத் தலைவி, என்றால் கத்தோலிக்கப் பிள்ளைதான். யாரும் சட்டமாகச் சொல்லவில்லை, ஏழு வருஷமும் அப்படியே நடந்தது.

ஆனால் உண்மையில் நெருக்கியது சமயப் பாடவேளை. ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கு, நாங்கள் சைவநெறிக்கு. எதையும் நம்பாதவளுக்கு மூன்றாவது அறை கிடையாது. 1978 அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம் என்று அழகாகச் சொல்கிறது. டைம்டேபிளில் அதற்குக் கட்டம் இல்லை. திருநீறு பூசவில்லை என்று சைவநெறி டீச்சர்தான் என்னை எழுப்பி நிறுத்தினார். "வேதக்காரங்க ஸ்கூல்ல படிச்சா இப்படித்தான்." பாவம், கொன்வென்ட்டுக்கு வந்த பழி! தேவாரத்தை மனப்பாடம் செய்து ஏ சித்தி எடுத்தேன். என்ன நம்புகிறாய் என்று வினாத்தாள் கேட்கவில்லை.

இன்னொன்று. பெயருக்கு முன்னால் 'சென்' (புனிதர் என்பதற்கான 'செயின்ட்') இருப்பதெல்லாம் திருச்சபையின் பள்ளி அல்ல. பள்ளிகளை அரசு பொறுப்பேற்ற 1960, 61 சட்டங்களோடு பெரும்பாலானவை அரசுக்குப் போய்விட்டன. எது எப்படி என்று விசாரித்துச் சேருங்கள்.

தங்கச்சிக்குச் சொன்னது இதுதான்: "சேத்துரு. சிலுவை போடாம நிக்கலாம்னு மகள்ட்ட மொதல்லயே சொல்லிவை. அப்புறம் நல்ல குடையா ஒண்ணு வாங்கிக் குடு, சேர்ச்சுக்கு ஏறுற படி முழுக்க மழை."