மீன்தொட்டி வைக்கும் முன் கீழ்வீட்டைப் பாருங்கள்

குன்னூரில் நண்பர் ஒருவர் ஆறடி மீன்தொட்டிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஹால்லதான். கீழ்த்தளம்தானே, என்ன பயம்?" என்றார்.

அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ரோட்டிலிருந்து நேராக ஹாலுக்குள் நுழையலாம், உண்மைதான். ஆனால் பின்பக்கம் படியிறங்கிப் போய்ப் பார்த்தால் அந்த ஹாலுக்கு அடியில் இன்னொரு வீடு இருக்கிறது. அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சரிவில் கட்டிய வீடுகள் நிறைய இப்படித்தான். முன்வாசலில் கீழ்த்தளம், பின்வாசலில் மாடி.

கணக்கைப் பாருங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி, கிட்டத்தட்ட 680 லிட்டர். 12 மி.மீ. கண்ணாடி மட்டும் 120 கிலோ வரும். மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 900 கிலோவைத் தொடும். வீட்டு அறைகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தர விதி) எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டி உட்காரும் இடம் ஒரு சதுர மீட்டரும் கொஞ்சமும்தான். வைத்தவுடன் இடிந்து விழும் என்று சொல்லவில்லை. நல்ல கான்கிரீட் தளம் பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் விசேஷத்துக்கு வந்த கூட்டம் சாயங்காலம் கலைந்துவிடும், தொட்டி பத்து வருஷம் அதே இடத்தில் நிற்கும். எடுக்காமல் வைத்த பாரத்துக்கு மரம் மெல்ல மெல்லத் தொய்யும். கான்கிரீட்டும் கொஞ்சம் தொய்யும்.

எனக்கு நடந்ததால் சொல்கிறேன். நாங்கள் முன்பு குடியிருந்தது பழைய வீட்டின் மாடி, பலகைத் தளம். நாலடித் தொட்டி, 340 லிட்டர். ஜன்னலோரம் அழகாக இருக்கும் என்று வைத்தேன். ஐந்தாறு மாதம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். "தம்பி, எங்க ரூம் கதவு மேல இடிக்குது, சாத்தவே முடியல. மழைக்கு மரம் ஊதியிருக்குமோ?" என்று கேட்டார். மழைதாம்மா என்று நானும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் கண்ணாடி துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு ஓரத்தில் தண்ணீர் விளிம்பை ஒட்டி நிற்கிறது, மறு ஓரத்தில் ஒரு விரற்கடை கீழே நிற்கிறது. தண்ணீர் சாய்ந்து நிற்காது. தொட்டிதான் சாய்ந்திருந்தது. அன்று இரவே மீன்களை டிரம்முக்கு மாற்றி, டியூப் போட்டுத் தொட்டியைக் காலி செய்தோம். மறுநாள் ஆசாரி வந்து ஒரு பலகையைப் பெயர்த்துக் காட்டினார். தொட்டியின் நீளமும் உத்திரத்தின் நீளமும் ஒரே திசை, மொத்தப் பாரமும் ஒற்றை உத்திரத்தின் மேல். சுவருக்குள் நுழையும் இடத்தில் அந்த உத்திரத்தின் நுனி இற்றுப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். டீயில் நனைத்த வர்க்கி மாதிரி உள்ளே இறங்கியது. அதற்குக் கீழேதான் அந்த அம்மாவின் கட்டில். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

உத்திரம் இற்றதில் தொட்டிக்கும் பங்கு உண்டு. வெளியே 10, 12 டிகிரி குளிர், தொட்டிக்குள் ஹீட்டர் போட்டு 26 டிகிரி. ராத்திரி முழுக்க ஆவி எழும்பி, குளிர்ந்த சுவரில் போய் வியர்த்து, பலகை இடுக்கில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சமவெளிக்காரர்கள் போடும் வீடியோக்களில் இந்தப் பேச்சே வராது. அங்கே அது பிரச்சினையே இல்லை. நமக்கு இதுதான் முதல் பிரச்சினை. மேலே கண்ணாடி மூடி போடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தங்கமீன் என்றால் குளிர் தாங்கும், ஹீட்டரே வேண்டாம்.

பலகைத் தளமானால் உத்திரங்களுக்குக் குறுக்காக, அவை சுவரில் உட்காரும் முனைக்குப் பக்கமாக வையுங்கள். அப்போது மூன்று நான்கு உத்திரங்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். கான்கிரீட் தளமானால் அறை நடுவில் வேண்டாம், அடியில் பீமோ பாரம் தாங்கும் சுவரோ ஓடும் இடத்தில் வையுங்கள். பால்கனி கூடவே கூடாது. ஆறடித் தொட்டி என்றால் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு, அடியிலிருந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியே வெட்ட வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

அப்புறம் கரண்ட். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் பழகிப்போனது. அடியில் சம்ப் (தண்ணீரை வடிகட்டி மேலே அனுப்பும் சின்னத் தொட்டி) வைத்த தொட்டியானால், பம்ப் நின்றதும் தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய் வழியாகத் தண்ணீர் தானாகக் கீழே இழுத்துக்கொண்டு இறங்கும். சம்ப் நிரம்பி வழிந்தால் அது கீழ்வீட்டுக் கூரைக்குத்தான் போகும். அந்தக் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போட்டால், மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். தொட்டியை நிரப்பிய அன்றே பம்பை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

என் தொட்டி இப்போது கீழே, மண்ணைக் கெட்டித்துப் போட்ட சிமெண்ட் தரையில் இருக்கிறது. நண்பரிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் கூரையைப் பார்க்கப் போகிறோம். குன்னூர், கோத்தகிரி பக்கம் வேறு யாராவது பெரிய தொட்டி வைப்பதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ரசமட்டத்தோடு வருகிறேன்.