தடுப்பூசித் தீர்ப்பு: வாட்ஸ்அப் சொல்வதும் உண்மையும்

"எந்தச் சிகிச்சைக்கும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சட்டமே போட்டுவிட்டது, தடுப்பூசி ஆபத்து என்றும் ஒப்புக்கொண்டது." இப்படி ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி உண்மை, மீதி கதை.

பேச்சு, கொரோனா தடுப்பூசி குறித்து குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2 அன்று வந்த தீர்ப்பைப் பற்றியது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின்படி உடல்மீதான உரிமை அவரவருடையது, தடுப்பூசி போடச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் கூறியது நிஜம். செய்தி அதோடு நின்றுவிடுகிறது, தீர்ப்பு நிற்கவில்லை. பொது சுகாதாரத்துக்காக அரசு நியாயமான அளவில் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. ஊசி போடாதவர்களை மட்டும் பொது இடங்களில் தடுப்பது, தொற்று குறைந்திருந்த அப்போதைய நிலையில் பொருத்தமற்றது என்றே சொன்னது. கட்டாயம் சரியே என்று வாதாடிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

சரி, ஆபத்து என்றதா? இல்லை. மத்திய அரசின் தடுப்பூசிக் கொள்கையில் குறை காணவில்லை. பக்கவிளைவு விவரங்களை வெளியிடச் சொன்னது. அதைத்தான் யாரோ திரித்திருக்க வேண்டும்.

அப்புறம், "எந்தச் சிகிச்சைக்கும்" என்பதும் தவறு. 2017 மனநலச் சட்டத்தில், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது. அந்தச் சிகிச்சைக்குப் பொதுவாக 72 மணி நேரம்தான் வரம்பு.