எழுத்துல குடுங்க ஐயா

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி பத்து மணிக்கு மேல தம்பி பையன் போன் பண்ணான். அவனும் வருவாய்த்துறைதான், ஆர்.ஐ.யா (வருவாய் ஆய்வாளர்) இருக்கான். "பெரியப்பா, மேலேர்ந்து வாட்ஸ்அப் கால்ல சொல்றாங்க, நாளைக்குள்ள அந்த ரிப்போர்ட்ட சாதகமா அனுப்பிடுன்னு. நான் இடத்தப் போய் பாத்துட்டேன், அது வண்டிப்பாதை புறம்போக்கு. என்ன பண்ணட்டும்?"

எனக்கு உடனே பதில் வரல. காலைல கூப்புடுறேன்டான்னு வச்சிட்டேன். இதே கேள்விய 1998ல நான் யார்கிட்டயும் கேக்காம விட்டவன், அதனால அன்னிக்கு தூக்கமும் வரல.

அப்ப தாலுகா ஆபீஸ்ல உதவியாளரா இருந்தேன். எந்த ஊருன்னு வேணாம். ஓடைப் புறம்போக்குல ஒரு துண்ட ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் பட்டா கேட்டு மனு போட்டிருந்தாரு. விஏஓ அறிக்கை, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்) எல்லாத்துலயும் ஓடைன்னே இருக்கு. நானும் "நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் மனுவினை நிராகரிக்கலாம்"னு குறிப்பு எழுதி மேல வச்சேன். ஃபைல் திரும்பி வந்துச்சு, ஓரத்துல மேலதிகாரி பச்சை இங்க்ல எழுதுன ஒரே வார்த்தை. "பேசவும்".

ஆபீஸ் வேலை பாத்தவங்களுக்கு இந்த "பேசவும்" என்னன்னு தெரியும். மத்தவங்களுக்கு சொல்றேன். உன் குறிப்ப ஏத்துக்கிட்டேன்னும் எழுதல, மறுக்குறேன்னும் எழுதல, ரெண்டுல எத எழுதுனாலும் அவர் பேர் ஃபைல்ல ஏறிடும். பேசிட்டா காத்தோட போயிடும்.

போய் நின்னேன். கத்துவாருன்னு பாத்தா உக்கார சொல்லி டீ வரவச்சாரு. "உனக்கு சம்பளம் குடுக்குறது யாருய்யா?"ன்னாரு. அரசாங்கம் ஐயான்னேன். "அந்த அரசாங்கத்துலேர்ந்துதான் சொல்றாங்க. அந்த ஓடைல தண்ணி ஓடி நீ பாத்திருக்கியா? நோட்ட மாத்தி வை." அவ்ளோதான், மிரட்டல் எல்லாம் இல்ல, நானும் வந்து பழைய தாள உருவிட்டு புதுசா எழுதுனேன், "ஓடை பயன்பாட்டில் இல்லை எனத் தெரியவருவதால்" அப்படின்னு. யாருக்குத் தெரியவந்துச்சுன்னு கேக்காதீங்க. "தெரியவருகிறது", "கருதப்படுகிறது", "பரிசீலிக்கப்பட்டது", செஞ்சவன் யாருன்னே தெரியாத வாக்கியமா எழுதுறதுல எங்க துறைய அடிச்சிக்க ஆள் இல்ல.

இதுல நான் அஞ்சு பைசா வாங்கல. அதனாலேயே ரொம்ப வருஷம் நான் நேர்மையானவன்னு நானே நம்பிக்கிட்டு திரிஞ்சேன். லஞ்சம் வாங்குறவன்தான் கெட்டவன், மேல சொன்னத செஞ்சவன் விசுவாசமானவன், அப்படித்தான் எங்க ஆபீஸ்ல கணக்கு. அந்த ஓடை மேல இப்ப ஒரு தெருவே இருக்கு, மழைக்காலத்துல அந்த வழியா பஸ்ல போனா நான் அந்தப் பக்கம் ஜன்னல் சீட்ல உக்கார மாட்டேன்.

அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, பதில்தான் தப்பு. சம்பளம் குடுக்குறது யாரு? கடைல சோப்பு வாங்கி ஜிஎஸ்டி கட்டுற ஆயா. அந்த சீட்ல இருக்குறவர் மூணு வருஷத்துல மாறுவாரு, மந்திரி அஞ்சு வருஷத்துல மாறுவாரு. 1949 அக்டோபர் 10ஆம் தேதி அரசியல் நிர்ணய சபைல படேல் பேசினதப் படிச்சுப் பாருங்க. என் செக்ரட்டரி என் கருத்துக்கு எதிரா நோட் எழுதலாம், அந்த சுதந்திரத்த எல்லாருக்கும் குடுத்திருக்கேன்னு சொல்றாரு. அவர் உள்துறை மந்திரி, சும்மா மேடைக்கு சொன்ன ஆள் இல்ல. எதிர்த்து எழுதுறதும் விசுவாசம்தான், சொல்லப்போனா அதுதான் விசுவாசம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, அப்ப மனசாட்சிப்படி நடந்துக்கிட்டா போதுமா? இங்கதான் எனக்கே இடிக்குது. படேல் அப்படிப் பேசி ரெண்டரை மாசத்துல, டிசம்பர் 22 ராத்திரி, அயோத்தில பாபர் மசூதிக்குள்ள சிலைய வச்சாங்க. எடுக்கணும்னு லக்னோலேர்ந்து மாநில அரசாங்கம் சொல்லுது. ஃபைசாபாத் கலெக்டர் கே.கே.நாயர் மாட்டேன்னாரு. வாய்ல இல்ல, தலைமைச் செயலாளருக்கு லெட்டரே எழுதினாரு, கலவரம் வரும், வற்புறுத்துனீங்கன்னா எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டுக்கங்கன்னு. அப்புறம் வேலைய விட்டு, 1967ல ஜனசங்கம் எம்.பி.யா பஹ்ரைச் தொகுதில ஜெயிச்சாரு. எழுத்துல குடுத்தாரு, பதவி போனா போகட்டும்னும் சொன்னாரு, நான் சொல்ற எல்லா டெஸ்ட்லயும் பாஸ் ஆகுறாரு. ஆனா அவர் மறுத்தது தப்பான ஒரு காரியத்த செய்ய இல்ல, நடந்த தப்ப சரி பண்ண. மனசாட்சின்னு சொல்லி மனசுக்குப் புடிச்சத நாற்காலி பலத்துல நிறைவேத்திக்கறது வேற, இந்தத் தப்புக்கு என் கையெழுத்து கெடைக்காதுன்னு நிக்கிறது வேற. நாளைக்கு ஜாதிய மனசுல வச்சுக்கிட்டு ஒருத்தர் பட்டா தர மறுத்துட்டு என் மனசாட்சி ஒத்துக்கலன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? அதனால என் கணக்குல, மனசாட்சி என்ன சொல்லுதோ அத எந்தச் சட்டம் எந்த விதின்னு போட்டு ஃபைல்ல எழுத முடியணும். எழுத முடியலன்னா அது பெரும்பாலும் நம்ம விருப்பு வெறுப்புதான்.

சட்டமே தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும். அதுக்கு எங்கிட்ட முழு பதில் இல்ல. ஆனா முப்பது வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு கட்டம் எனக்கு வரவே இல்ல, வந்தது எல்லாம் சட்டம் சரியா இருந்து வாய்மொழி உத்தரவு தப்பா இருந்த கேஸ்தான்.

அந்த வாய்மொழிக்கும் விதி இருக்கு, அதத்தான் பல பேர் படிக்கறதில்ல. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, மூணாவது விதி. மேலதிகாரி உத்தரவு சாதாரணமா எழுத்துலதான் இருக்கணும், அவசரத்துக்கு வாய்ல சொன்னா உடனே எழுத்துல உறுதிப்படுத்தணும், கேட்டவனும் உறுதிப்படுத்தச் சொல்லிக் கேக்கணும். ஐஏஎஸ் ஆளுங்களுக்கும் இதே மாதிரி உண்டு. 2013 அக்டோபர் 31ல டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்குல, ரிட்டயர் ஆன அதிகாரிங்க 83 பேர் சேர்ந்து போட்ட கேஸ் அது, வாய்மொழி உத்தரவ நம்பி வேலை செய்யாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. தீர்ப்பு வந்து என்ன, அதுக்குள்ள வாட்ஸ்அப் கால் வந்துடுச்சு.

எழுதினா மட்டும் சாமி வந்து காப்பாத்துமான்னா, இல்ல. சத்யேந்திர துபே, ஐஐடி கான்பூர் படிச்ச இன்ஜினியர், நெடுஞ்சாலை ஆணையத்துல இருந்தாரு. தங்க நாற்கரச் சாலை வேலைல நடந்த மோசடிய 2002ல பிரதமர் ஆபீஸுக்கே எழுதுனாரு, என் பேர ரகசியமா வைங்கன்னு கேட்டுத்தான் எழுதுனாரு. லெட்டர் மேசை மேசையா பேரோடவே சுத்துச்சு. 2003 நவம்பர் 27, கயாவுல சுட்டுக் கொன்னாங்க. அதுக்கப்புறம் இப்படி முறைகேட்ட வெளிய சொல்றவங்களுக்காகக் கொண்டாந்த பாதுகாப்புச் சட்டம் 2014ல பாஸ் ஆகி வருஷக்கணக்கா அமலுக்கே வராம கெடந்துச்சு. ரொம்ப தூரம் போக வேணாம், 2023 ஏப்ரல்ல நம்ம தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டுல மணல் கடத்தலப் பத்தி புகார் குடுத்த விஏஓவ ஆபீஸ்குள்ளயே புகுந்து வெட்டுனாங்க. மேலிடத்து ஆள் யாரும் அவர்கிட்ட மனசாட்சியப் பத்தி வகுப்பு எடுத்திருக்க மாட்டாங்க, அவரு பாட்டுக்கு வேலையப் பாத்தாரு, அவ்ளோதான்.

அதனால "மனசாட்சி இருந்தா ரிசைன் பண்ணிட்டு வாங்க"ன்னு ஈஸியா டைப் பண்றவங்கள பாத்தா எரிச்சலா வரும். ஐஏஎஸ் விட்டு வர்றவருக்கு பத்து பேர் மைக் நீட்டுவாங்க, ஹவுசிங் லோன் கட்டுற ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கு யாரு நீட்டுவா? அவன் போயிட்டா அந்த சீட்டுக்கு "ஒத்து வர்ற" ஆள் மறுநாளே வந்துடுவான், ஃபைல் நகர்ந்துடும். உள்ள இருந்து ஒரு குறிப்ப மாத்தாம வைக்கறது, உருவச் சொன்னா உருவாம இருக்கறது, அதுவே பெரிய விஷயம். நான் அன்னிக்கு பழைய தாள உள்ள விட்டுட்டு, "தங்களுடன் பேசியதன் பேரில்"னு ஒரு வரி மேல எழுதி புதுக்குறிப்ப வச்சிருந்தா போதும். அந்த ஒரு வரிக்கு என்ன ஆயிருக்கும்? மிஞ்சிப் போனா ஒரு டிரான்ஸ்பர், இல்ல ஒரு பதினேழு ஏ, அதாவது சின்ன தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை. அதுக்கே எனக்கு தைரியம் இல்ல.

காலைல தம்பி பையனக் கூப்பிட்டு அதத்தான் சொன்னேன். முடியாதுன்னு சண்டை போடாத, மரியாதையா எழுது. "தாங்கள் நேற்று இரவு தொலைபேசியில் தெரிவித்த அறிவுரையினை எழுத்து மூலம் உறுதிப்படுத்தி வழங்குமாறு பணிந்து வேண்டுகிறேன்." ஆபீஸ் மெயில்ல பத்தே முக்காலுக்கு அனுப்புனான். பதினொன்னே காலுக்கெல்லாம் திரும்ப வாட்ஸ்அப் கால், "எதுக்குப்பா இதெல்லாம் எழுதிக்கிட்டு, விடு, பாத்துக்கலாம்." ரிப்போர்ட்ட அவன் வண்டிப்பாதைன்னே அனுப்பிட்டான்.

போன வெள்ளிக்கிழமை டிரான்ஸ்பர் ஆர்டர் வந்திருக்கு. மாவட்டத்தோட அந்தக் கடைசி, ரெண்டு பஸ் மாறணும், "நிர்வாக நலன் கருதி"யாம். இத மட்டும் எழுத்துல குடுத்திருக்காங்க. அவன் பரவால்ல பெரியப்பான்னு சிரிக்கிறான், அவன் வீட்டுக்காரி எங்கிட்ட பேசி மூணு நாள் ஆகுது.