தக்காளிச் செடியில் இலையைக் கிள்ளச் சொன்னது யார்?

இன்று காலை ஏழு தக்காளியைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்காத பருமன். வயிறு எரிகிறது.

மார்கழி கடைசியில் விதை போட்டு, நாற்று எடுத்து, ஆறு பைகளில் நட்டேன். வெள்ளை ஈ வந்து இரண்டு செடிக்கு இலைச்சுருட்டல் பிடித்தது, பிடுங்கிப் போட்டேன். மிச்சம் நாலு. வாரம் தவறாமல் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்து, இரண்டு வேளையும் மாடிக்குக் குடம் தூக்கி அந்த நாலைக் காப்பாற்றினேன். சித்திரை பிறந்தபோது காய் முற்றி வெளிறிய பச்சையில் நின்றது. பத்து நாள் ஆனது, சிவக்கவில்லை. அந்தப் பத்து நாளில்தான் ஆளாளுக்கு வாத்தியாராக வந்தார்கள்.

"காயை மறைக்கிற இலையை எல்லாம் எடுத்துடுங்க, வெயில் பட்டா ஒரே வாரத்துல சிவந்துடும்" என்று ஒரு வீடியோ. அதையே அடுத்த வீட்டுப் பெரியம்மாவும் சொன்னார், நாற்று வாங்கிய கடைக்காரரும் சொன்னார். மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும்? நம்பி இலைகளைக் கிள்ளினேன்.

மூன்றாம் நாள் பார்க்கிறேன், மேற்கே பார்த்த காய்களின் தோளில் (காம்பைச் சுற்றிய மேல்பக்கம்) எல்லாம் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. பூஞ்சணம் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. விரலால் தொட்டால் தோல் காய்ந்த காகிதம் மாதிரி சரசரக்கிறது, அழுத்தினால் உள்ளே பள்ளம் விழுகிறது. இன்னும் இரண்டு நாளில் அந்தத் திட்டின் நடுவில் கறுப்பு படர்ந்துவிட்டது. நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. காய் செடியிலேயே வெயிலில் வெந்துவிட்டது! நேர் வெயிலில் நிற்கும் காய் சுற்றியிருக்கும் காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல்கூடச் சூடேறும். மதுரை மாடியில், சித்திரை மாதத்தில், அதன் தலைமேல் இருந்த ஒரே குடையை நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

தக்காளி பழுக்க வெயிலே வேண்டாம். இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையா இந்த ஊரில்? இலைக்குத்தான் வெயில் வேண்டும், காய்க்கு இல்லை. முற்றிய காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே விட்டுத் தானே பழுக்கும். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைத்தவர்கள் நாம். அரிசிப் பானைக்குள் என்ன வெயில் அடித்தது? இதே பெரியம்மா வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் மாம்பழம் பழுக்கிறது. தக்காளி என்றதும் அது எப்படி மறந்துபோகிறது?

வெயில் உதவாதது மட்டுமில்லை, கெடுக்கவும் செய்கிறது. தக்காளிக்குச் சிவப்பைத் தருவது லைக்கோபீன் என்கிற நிறமி. 20லிருந்து 25 டிகிரி வரை அது நன்றாகச் சேரும். 30ஐத் தாண்டினால் அது உருவாவது தடைபட்டுவிடும், மஞ்சளைத் தரும் கரோட்டின் மட்டும் சேரும். கோடையில் மாடிப் பழம் சிவக்காமல் வெளிறிய ஆரஞ்சிலேயே நின்றுபோவது இதனால்தான். இதற்குப் போய் எப்சம் உப்பு போடு, வாழைப்பழத் தோல் ஊறவைத்து ஊற்று, மீன் அமிலம் தெளி என்று ஆளுக்கொரு மருந்து! செடிக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. அதற்குச் சூடு தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இலை கிள்ளும் யோசனை எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். குளிர்நாட்டுக்காரர்கள் கண்ணாடிக் கூடாரத்துக்குள் வளர்க்கிறார்கள். அங்கே செப்டம்பர் வந்தால் வெளிச்சம் குறையும், அடுத்து பனி கொட்டும். அதற்குள் பழுக்க வேண்டுமே என்று நுனியைக் கிள்ளுகிறார்கள், இலையைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. அதை அப்படியே தூக்கி வந்து, கத்திரி வெயிலுக்குக் காத்திருக்கும் ஊரில் தமிழில் பேசிப் போடுகிறவர் ஒரு கோடைக்காவது மாடியில் தக்காளி வளர்த்திருப்பாரா?

"செடியிலேயே பழுத்தால்தான் ருசி" என்று இன்னொரு பாடம். அடியில் லேசாக நிறம் திரும்பிய உடனே பறித்தாலும் அந்தக் காய் முழு ருசியோடுதான் பழுக்கும். செடியில் விட்டால் அணில் தின்னும். தினமும் விடிவதற்குள் ஒன்றைக் கடித்துப் பாதியைப் போட்டுவிட்டுப் போகிறது. நிறம் திரும்பிய மூன்றைப் பறித்து, அடுப்படியில் மண்பானை இருக்கும் மூலையில் வைத்தேன், வீட்டிலேயே குளுமையான இடம் அதுதான். ஐந்தாம் நாள் மூன்றும் சிவந்துவிட்டன. நேற்று ரசத்தில் போட்டது அவற்றைத்தான். அதே செடியில் வெயில் பட்டு நின்றவை குப்பையில் கிடக்கின்றன. (ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் பழுப்பது நின்றுவிடும், மணமும் போய்விடும்.)

நான் வைத்திருப்பது பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1. காயின் தோள் கரும்பச்சையாக இருப்பது அந்த ரகத்தின் பிறவிக் குணம். அதைப் பார்த்துவிட்டு, "மேலே பழுக்கவே இல்லையே, வெயில் பத்தலை" என்கிறார் ஒருவர். அதை விற்ற கடைக்காரருக்கே அது தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

செடியில் இன்னும் பதினோரு காய் இருக்கிறது. அப்பாவின் பழைய வேட்டியை நாலு குச்சி நட்டு மேலே கட்டிவிட்டேன். மதியம் பெரியம்மா மாடிக்கு வந்தவர், "என்னடி இது, வெயிலை மறைச்சுட்டே" என்று ஒரு முனையை அவிழ்க்கக் கையை நீட்டினார். "தொடாதீங்க பெரியம்மா" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை.